கடைப் பேச்சு எந்த வழியில் போகிறது?

நம் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் இன்று கடையில் மூன்று விதமாகத் தொலைபேசியில் பேசுகிறார்கள். கல்லாப்பெட்டி அருகே ஒரு தரைவழித் தொலைபேசி. சட்டைப் பையில் கைப்பேசி. அதே கைப்பேசியில் வாட்ஸ்அப் பேச்சு. காதில் வைத்தால் மூன்றிலும் குரல்தான் கேட்கிறது. ஆகவே மூன்றும் ஒன்றே என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஒவ்வொன்றிலும் குரல் போகும் வழி வேறு. புயல் மழையில் தாங்கும் திறன் வேறு. நாளை ஒரு தகராறு வந்தால் கையில் மிஞ்சும் சான்றும் வேறு. எண்பது மூட்டை துவரம் பருப்பை வாய்ச்சொல்லிலேயே பேசி முடிக்கும் தொழில் நம்முடையது. அந்த வாய்ச்சொல் எந்த வழியில் போய்ச் சேருகிறது என்பதை ஓரளவேனும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நாம் வியாபாரத்துக்கு வந்த 1980-களின் தொடக்கத்தில் குல்பர்காவுக்கோ குண்டூருக்கோ பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று தரம். மின்னல் அழைப்புக்குக் கட்டணம் பல மடங்கு. நம் நாட்டில் எஸ்.டி.டி. என்ற நேரடி டயல் வசதி 1960-லேயே கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்துவிட்டது என்றாலும், நம்மைப் போன்ற சிற்றூர்க் கடைவீதிகளுக்கு அது வந்து சேர நெடுநாளாயிற்று. மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத்துகளில் இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணத்துக்காக வியாபாரிகள் வரிசையில் நின்ற காலம் மூத்த உறுப்பினர்களுக்கு மறந்திருக்காது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு. அப்போது வரும் அழைப்புக்கும் காசு. மணி அடித்தாலே மனம் பதறும். அந்தக் கட்டணம் 2003-ல்தான் ஒழிந்தது.

தனி லாரியும் பார்சல் சர்வீசும்

பழைய தொலைபேசிக்கும் இன்றைய இணையப் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டை நம் தொழிலை வைத்தே சொல்லிவிடலாம்.

பழைய முறை, தனி லாரி பிடிப்பது போன்றது. நாம் எண்ணைச் சுழற்றியதும் நம் கடையிலிருந்து எதிர்க்கடை வரை ஒரு தனிப்பாதை ஒதுக்கப்படும். நாம் பேசினாலும் சரி, பேசாமல் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாலும் சரி, ஒலிவாங்கியை வைக்கும் வரை அந்தப் பாதை நமக்கே. வேறு யாரும் அதில் போக முடியாது. லாரியில் பாதி காலியாகக் கிடந்தாலும் முழு வாடகை கொடுப்பதைப் போல, நிமிடக் கணக்கில் கட்டணம் விதித்ததற்குக் காரணம் இதுதான். இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிப் பேச்சும் இந்த முறையில்தான் நடந்தது.

இணைய முறை, பார்சல் சர்வீஸ் போன்றது. நம் குரலைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் விலாசமும் வரிசை எண்ணும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பொட்டலத்தில் அடங்குவது ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்குக் குரல். இந்தப் பொட்டலங்கள் மற்றவர்களின் படம், பாட்டு, பணப் பரிமாற்றம் எல்லாவற்றோடும் ஒரே சாலையில் போகும். எதிர்முனையில் உள்ள கைப்பேசி இவற்றை வரிசைப்படுத்திப் பிரித்துக் குரலாக்கித் தருகிறது. நாம் பேசாத நேரத்தில் பொட்டலமும் குறைந்துவிடும்.

குரலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. மின்னணுத் தொலைபேசி நிலையங்களில் குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதுவார்கள். ஆக வினாடிக்கு 64,000 பிட்டு. ஒரு நிமிடத்துக்கு ஒரு பக்கத்துக் குரல் மட்டும் 480 கே.பி. இன்றைய கைப்பேசிகள் அதே குரலை இதில் பாதிக்கும் குறைவான இடத்திலேயே அடக்கிவிடுகின்றன. மிளகாய் சாம்பிளை ஒரு படம் எடுத்து அனுப்பினால் மூன்று நான்கு எம்.பி. ஆகிறது. அந்த ஒரு படத்தின் இடத்தில் பல நிமிடம் பேசி முடித்துவிடலாம். பேச்சுக்குத் தனிக் கட்டணம் ஏன் மறைந்தது என்பது இதிலேயே பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, கம்பெனிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கிய இணைப்புக் கட்டணம். ஒரு கம்பெனியின் அழைப்பு இன்னொரு கம்பெனியில் போய் முடிந்தால் நிமிடத்துக்கு 14 பைசா கொடுக்க வேண்டியிருந்தது. அது 2017 அக்டோபர் 1 முதல் 6 பைசாவாகக் குறைந்து, 2021 ஜனவரி 1 முதல் அடியோடு நீங்கியது.

ஒரே சாலை, இரண்டு மரியாதை

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் பேசினால்தான் இணையப் பேச்சு, சாதாரணமாக எண்ணைப் போட்டுப் பேசினால் பழைய பேச்சு என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது அந்தக் கம்பெனிக்குப் பழைய 2ஜி, 3ஜி வலையமைப்பே கிடையாது. அதில் பேசிய ஒவ்வொரு பேச்சும் முதல் நாளிலிருந்தே பொட்டலப் பேச்சுதான். இதற்கு வோல்ட்டி என்று பெயர். மற்றக் கம்பெனிகளும் பின்னர் இதே முறைக்கு வந்தன.

அப்படியானால் வோல்ட்டிக்கும் வாட்ஸ்அப்புக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒரே சாலையில் போகும் பொட்டலங்கள்தான். ஆனால் வோல்ட்டிப் பொட்டலத்துக்குக் கம்பெனி தனித்தடம் ஒதுக்குகிறது. நெரிசலிலும் ஆம்புலன்சுக்கு வழிவிடுவது போல அதை முதலில் அனுப்புகிறது. வாட்ஸ்அப் பொட்டலத்துக்கு அந்த மரியாதை இல்லை. பக்கத்துக் கடைப் பையன் கிரிக்கெட் பார்க்கும் பொட்டலத்தோடு அதுவும் வரிசையில் நிற்க வேண்டும். வாரச் சந்தையன்றும் பண்டிகைக் காலத்திலும் கடைவீதியில் வாட்ஸ்அப் பேச்சு திக்கித் திணறுவதும், அதே கைப்பேசியில் சாதாரண அழைப்பு தெளிவாக இருப்பதும் இதனால்தான்.

உங்கள் அழைப்பு எந்த முறையில் போகிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியின் மேல்பகுதியில் 4ஜி அல்லது 5ஜி என்ற அடையாளம் அப்படியே இருந்தால் பேச்சு புதிய வழியில் போகிறது. அது இறங்கி 2ஜி என்றோ ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தாகவோ மாறினால் பழைய வழி. பழைய வழியில் 2ஜியில் பேசும்போது இணையம் நின்றுவிடும். கடையில் இதற்கு ஒரு விளைவு உண்டு. நீங்கள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் பணம் செலுத்தினால், அந்தச் செய்தி உங்கள் கைப்பேசிச் செயலியில் உடனே தெரியாது. பணம் வரவில்லை என்று வாடிக்கையாளரிடம் சண்டைக்குப் போய்விடக் கூடாது. சத்தமாக அறிவிக்கும் ஒலிப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்குத் தனி சிம் உண்டு.

காதில் விழுந்ததும் விழாததும்

நம் தொழிலுக்கு மிக முக்கியமான இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

பழைய தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கொண்டுபோகும். மனிதக் குரலின் மேல்பகுதி அதில் வெட்டுப்பட்டுவிடும். வோல்ட்டியில் இரண்டு பக்கமும் வசதி இருந்தால் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும். அதனால்தான் ஆள் பக்கத்தில் நின்று பேசுவது போல இருக்கிறது. இது நல்ல முன்னேற்றம், மறுப்பதற்கில்லை.

ஆனால் பொட்டலப் பேச்சில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பொட்டலம் வழியில் தொலைந்துவிட்டாலோ தாமதமாகி வந்தாலோ, அதற்காகக் கைப்பேசி காத்திருக்காது. குரல் போய்ச்சேரும் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறை. அதனால் தாமதப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, விட்டுப்போன இடத்தை முன்னால் வந்த ஒலியைக் கொண்டு கைப்பேசியே ஒட்டுப்போட்டுவிடுகிறது. கிழிந்த சாக்கைத் தைப்பது போலத்தான். தையல் நன்றாக இருந்தால் கிழிசல் தெரியாது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. டிரங்க் கால் காலத்தில் இரைச்சல் வந்தால், ‘கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்போம். கேட்கவில்லை என்பதாவது தெரிந்தது. இன்று ஓர் எழுத்து விழுங்கப்பட்டாலும் பேச்சு வழவழவென்று ஓடுகிறது. தவறாகக் கேட்டோம் என்பதே தெரிவதில்லை.

தமிழ் எண்களில் இந்தத் தொல்லை அதிகம். ஐம்பது, எண்பது இரண்டுக்கும் வால் ஒன்று. தலையில்தான் வேறுபாடு. அறுபதும் எழுபதும் அப்படியே. நமக்குத் தெரிந்த ஒரு மண்டியில் வாட்ஸ்அப் பேச்சில் ஐம்பது டின் எண்ணெய் கேட்டவருக்கு எண்பது டின் ஏற்றிவிட்டார்கள். முப்பது டின் கூடுதலாகப் போய் இறங்கிய நேரத்தில் எண்ணெய் விலையும் இறங்குமுகம். சொன்னவர் ஐம்பது என்கிறார், கேட்டவர் எண்பது என்கிறார், இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். பதினைந்து வருடப் பழக்கம் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் நின்றது. முடிவில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, திரும்பும் வாடகை மூன்றையும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

பழைய வியாபாரிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எண்ணைச் சொல்லி, அதன் இலக்கங்களைத் தனித்தனியே சொல்வார்கள்: ‘எண்பது மூட்டை, எட்டு பூஜ்யம்.’ மறுமுனையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத வரை ஆர்டர் எழுதமாட்டார்கள். இணையப் பேச்சுக்கு இந்த வழக்கம் அன்றைவிட இன்று அதிகம் தேவை. பேசி முடித்ததும் சரக்கு, அளவு, விலை, அனுப்பும் நாள் நான்கையும் ஒரே வரியில் எழுத்தாக அனுப்பி, எதிர்த்தரப்பிலிருந்து ‘சரி’ என்ற பதிலை வாங்கிவிட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி, உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால் மின்னணுப் பதிவும் நீதிமன்றத்தில் சாட்சியமாகும். பேச்சு அப்படியல்ல. வாட்ஸ்அப்பில் பேசியது தொலைபேசிக் கம்பெனியின் அழைப்புப் பட்டியலில் ஓர் அழைப்பாகக்கூட வராது. சாதாரண அழைப்பானால், இன்ன நேரத்தில் இன்ன எண்ணோடு இத்தனை நிமிடம் பேசினீர்கள் என்பதாவது அங்கே பதிவாகி இருக்கும்.

மின்சாரம் போனால்

செம்புக் கம்பித் தொலைபேசிக்கு ஒரு பெருமை உண்டு. அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து, 48 வோல்ட்டு அளவில், அந்தக் கம்பி வழியாகவே வந்துவிடும். ஊரே இருட்டாக இருந்தாலும் கருவியை எடுத்தால் ‘ம்ம்ம்’ என்ற ஒலி கேட்கும்.

இன்று பலர் செம்புக் கம்பியை விட்டுவிட்டுக் கண்ணாடி இழை இணைப்புக்கு மாறியிருக்கிறார்கள். மேஜை மேல் அதே கருவி. சிலருக்கு அதே எண். ஆகவே இது பழைய தரைவழித் தொலைபேசிதான் என்ற நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. இழை இணைப்பில் வரும் பேச்சும் இணையப் பொட்டலப் பேச்சே. சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கு மின்சாரம் நம் கடையிலிருந்துதான் போக வேண்டும். மின்சாரம் போன மறுகணம் இணையமும் போகும், தொலைபேசியும் ஊமையாகும். இந்தப் பெட்டிகளில் பல 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்றே சிறு பேட்டரிப் பெட்டிகள் விற்கின்றன. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டு, ஆம்பியர் இரண்டையும் பார்த்து அதற்குப் பொருத்தமானதை வாங்கி இணைத்துவிட்டால் சில மணி நேரம் தாங்கும். கடைக்கு இன்வெர்ட்டர் போட்டிருப்பவர்கள் அந்தப் பெட்டியின் பிளக்கையும் இன்வெர்ட்டர் லைனில் மாற்றிக்கொண்டால் போதும். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி வேலை. ஏனோ நம்மில் பலர் மின்விசிறியை இன்வெர்ட்டரில் போடுகிறோம், தொலைபேசியைப் போடுவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. செல் கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். அது இல்லாவிட்டால் பேட்டரி, அதுவும் தீர்ந்தால் டீசல். டீசல் வண்டி போக வழியில்லை என்றால் கோபுரம் நின்று என்ன பயன்? டெல்டாப் பக்கம் கடை வைத்திருப்பவர்களும் கடற்கரை ஊர்க்காரர்களும் ஒரே கம்பெனியின் சிம்மை இரண்டு மூன்று வைத்துக்கொள்வதைவிட, இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் சிம்களை வைத்துக்கொள்வது மேல்.

தகரக் கொட்டகைக் குடோனுக்குள் கைப்பேசி எடுக்காத குறை பலருக்கு உண்டு. குடோனில் இணைய இணைப்பும் வைஃபையும் இருந்தால் இதற்கு எளிய வழி இருக்கிறது. கைப்பேசி அமைப்பில் ‘வைஃபை காலிங்’ என்பதைத் திறந்துவிட வேண்டும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. கோபுரத்து அலைக்குப் பதில் நம் வைஃபை வழியாகப் பேச்சு போகும். எண் அதுவே, திட்டம் அதுவே, தனிச் செயலி தேவையில்லை. எதிரில் இருப்பவர் சாதாரணத் தரைவழித் தொலைபேசியில் பேசினாலும் சரி.

இரண்டு எச்சரிக்கைகள்

வாட்ஸ்அப் பேச்சில் திரையில் தெரியும் படமும் பெயரும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடியவை. நாம் சரக்கு வாங்கும் கம்பெனியின் முத்திரையைப் போட்டுக்கொண்டு, ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த லோடுக்குப் பணத்தைப் புதிய கணக்கில் போடுங்கள்’ என்று அழைப்பு வரும். இப்படி யார் சொன்னாலும் பேச்சை முடித்துவிட்டு, அவர்களுடைய பழைய பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே சாதாரண அழைப்பில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பணம் போய்விட்டதென்று தெரிந்தால் அடுத்த நொடியே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை சங்கத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று படுத்துத் தூங்கினால் பணம் பல கணக்குகள் தாண்டியிருக்கும்.

மற்றொன்று, கடை மாடியில் ஓர் அறை வாடகைக்குக் கேட்டு வருபவர்கள். ‘ஒரு சிறு பெட்டி வைப்போம், கரண்டும் இணையமும் கொடுத்தால் போதும், மாதம் நல்ல வாடகை’ என்பார்கள். அந்தப் பெட்டியில் வரிசையாக சிம் கார்டுகள் செருகியிருக்கும். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் அழைப்பை உள்ளூர் எண்ணிலிருந்து வருவதுபோல மாற்றிவிடும் சட்டவிரோதத் தொலைபேசி நிலையம் அது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அனுமதியின்றி இத்தகைய சேவை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. அறை கொடுத்தவரையும் போலீசார் முதலில் கூப்பிட்டுத்தான் விசாரிப்பார்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று நிரூபிப்பதற்குள் கடை எத்தனை நாள் பூட்டிக் கிடக்குமோ!

துபாய், அபுதாபிப் பக்கம் பேசுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. அங்கே வாட்ஸ்அப் பேச்சுக்கு நெடுங்காலமாகக் கட்டுப்பாடு உண்டு. எழுத்துச் செய்தி போகும், பேச்சு எடுக்காது. எதிர்த்தரப்பு வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்து மனத்தாங்கல் கொள்ள வேண்டாம்.

எந்த இணைப்பை வைத்துக்கொள்வது?

நம் கருத்து இது. கடைப் பெயர்ப்பலகையிலும் பில்லிலும் அச்சிட்ட எண் ஒன்று எப்போதும் சாதாரண அழைப்புக்கு எடுக்க வேண்டும். விலை பேசுவதும் பணம் பேசுவதும் அதில். சாம்பிள் காட்டுவது, சிட்டை அனுப்புவது, வெளிநாட்டுப் பேச்சு இவற்றுக்கு வாட்ஸ்அப் மிகவும் உகந்தது, காசும் மிச்சம். இணையமே தேவையில்லாத குடோன் காவலாளி, கணக்கப்பிள்ளை ஆகியோரின் கைப்பேசிக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டம் போதும். அப்படி ஒரு திட்டத்தைக் கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. கடைகளில் இதை அவர்களாகச் சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வாட்ஸ்அப் கணக்கு சிம் எண்ணை நம்பி நிற்பது என்பதையும் மறக்கலாகாது. பழைய சிம்மை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, ரீசார்ஜ் செய்யாமல், வைஃபையில் மட்டும் வாட்ஸ்அப் நடத்தும் வியாபாரிகள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாத எண்ணைக் கம்பெனி நிறுத்தி, சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். வாங்கியவர் அந்த எண்ணில் வாட்ஸ்அப் தொடங்கியதும் நம் கணக்கு மூடிக்கொள்ளும். நம் வாடிக்கையாளர்களின் ஆர்டர் யாரோ ஒருவரிடம் போய்ச் சேரும். கம்பெனி பிடிக்கவில்லையென்றால் எண்ணை விட வேண்டியதில்லை. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறலாம். தரைவழி எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. செம்புக் கம்பியிலிருந்து இழைக்கு மாறும்போது பழைய எண்ணையே தருவார்களா என்று முதலில் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டு, அதன்பிறகே பழைய இணைப்பை ஒப்படைக்க வேண்டும். இன்னொன்று: 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட வேண்டும். கடைப் பையன்களுக்கு இதைச் சொல்லி, கருவியின் பக்கத்திலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.